விடுதியை மூடப் போகிறார்களாம், கூட்டத்தில் என்ன கேட்பது?

கேள்வி: டொக்டர் அம்மா, நான் கொட்டியாரக்குடாவுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆசிரியர். எங்கள் பிரதேச வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவுக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். முன்பு இங்கே பிரசவம் பார்த்தார்கள், அது நின்று பல வருடமாகிவிட்டது. இப்போது உள்நோயாளர் விடுதியையும் மூடிவிட்டு, வெளிநோயாளர் பிரிவும் கிளினிக்கும் மட்டும் நடத்தப் போகிறார்களாம். "கொத்தணி முறை வருகிறது, சிறிய வைத்தியசாலைகளைப் பெரியதோடு சேர்க்கிறோம், பெரிய வைத்தியசாலையைப் பலப்படுத்துகிறோம், உங்களுக்குப் பிரசர், சீனி பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையம் தருகிறோம்" என்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இரவில் பாம்பு கடித்தால், பிள்ளைக்கு வலிப்பு வந்தால் எங்கே போவது? மாரியில் பாதை வெள்ளத்தில் மூடிவிடும். அடுத்த மாதம் பிராந்தியத் திட்டமிடல் கூட்டத்துக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். இளைஞர்களோ கேற்றைப் பூட்டிப் போராடுவோம் என்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு திட்டம் வேண்டும்தான், எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஊரின் தேவையை அதற்குள் எப்படிக் கொண்டுவருவது? நான் அங்கே என்ன கதைக்க வேண்டும்?

(ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், திருகோணமலை மாவட்டம்)

பதில்:

தம்பி, நான் பல வருடம் சுகாதார வைத்திய அதிகாரியாக ஊர் ஊராகத் திரிந்தவள். பிறகு சில வருடம் திட்டமிடல் மேசையில் இருந்தேன். அடுத்த மாதம் உங்களுக்கு எதிரே இருக்கப் போகிறவர்களின் கதிரை எனக்குப் பழக்கம். அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால் எது தெரியும், எது தெரியாது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் மனதுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரசவ அறையைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஊரில் பிறந்த பிள்ளை ஊரிலேயே பிறந்ததாக இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் பிரசவத்துக்குப் பின் இரத்தம் கட்டுக்கடங்காமல் போகத் தொடங்கினால், ஒரு தாயைக் காப்பாற்ற இரண்டு மணித்தியாலம்கூடக் கிடைக்காது. அப்போது இரத்த வங்கி வேண்டும், சத்திரசிகிச்சை அறை வேண்டும், மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும், பிள்ளையைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். இவர்களைப் பிரித்து ஊருக்கு ஒருவராக வைத்தால் ஒரு ஊரிலும் ஒன்றும் நடக்காது. மாதத்துக்கு இரண்டு பிரசவம் பார்க்கும் இடத்தில் கைப்பழக்கமும் குறைந்து போகும். இலங்கையில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையில்தான் பிறக்கின்றன. தாய் மரணம் குறைந்ததற்கு அதுவும், வீடு வீடாகப் போகும் நமது மருத்துவமாதுகளும்தான் காரணம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். இருக்கிற நிபுணர்களை ஒரு இடத்தில் சேர்த்து வைப்பது இந்த விடயத்தில் சரியான முடிவு.

சரி, அப்படியானால் ஊருக்கு என்ன மிச்சம்? இங்கேதான் திட்டக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒரே பிழையை விடுகிறார்கள். இரண்டு பேரும் கட்டிடத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். "விடுதி இருக்குமா, மூடுமா" என்ற கேள்விக்குள் சிக்கிக்கொண்டால் கூட்டம் முழுக்க அதிலேயே முடிந்துவிடும். நீங்கள் நேரத்தைப் பற்றிக் கதையுங்கள். எந்த வருத்தத்துக்கு முதல் ஒரு மணித்தியாலத்தில் கை வைத்தே ஆக வேண்டும், எது அரை நாள் பொறுக்கும், எது அடுத்த வாரம் வரை பொறுக்கும்? முதல் மணித்தியாலத்துக்குரியது ஊரில் இருக்க வேண்டும். மற்றது தூரத்தில் இருக்கலாம், போகும் வழிக்கு ஒருவர் பொறுப்பெடுத்தால்.

பாம்புக்கடியையே எடுப்போம், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயல் வெட்டும் காலத்தில் ஒருவரைப் புடையன் கடித்துவிட்டது என்று வையுங்கள். விஷமுறிவு மருந்தை எல்லாச் சிறிய வைத்தியசாலையிலும் கொடுக்கலாமே என்று ஊரில் கேட்பார்கள். அந்த மருந்துக்கே உடம்பு கடுமையாக எதிர்ப்புக் காட்டுவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. பிரசர் விழும், மூச்சு அடைக்கும். அதைச் சமாளிக்க ஆளும் மருந்தும் இல்லாத இடத்தில் கொடுப்பது ஆபத்து. ஆனால் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டதா என்று பார்க்க மிஷின் தேவையில்லை. புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் ஒன்றில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டியாகி நின்றால் இப்போதைக்கு ஆறுதல், ஆனாலும் ஆளை விடக்கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். தண்ணீர் போல ஓடினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கட்டுவிரியன் கடித்தவருக்கு இந்தச் சோதனை ஒன்றும் காட்டாது. அவருக்குக் கண் இமை தொங்குகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு மணிக்கூடு, பயிற்சி பெற்ற ஒரு தாதி, வாசலில் நிற்கும் ஒரு அம்புலன்ஸ். பெரிய வைத்தியசாலைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால், ஆள் போய் இறங்கும்போது அங்கே மருந்து ஆயத்தமாக இருக்கும். கடித்த இடத்தை வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம் என்பதை உங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீங்களே படிப்பிக்கலாம்.

பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அதை நிறுத்தும் மருந்தும் ஒட்சிசனும், முட்டு வந்தவருக்கு நெபுலைசர், நெஞ்சுவலிக்காரருக்கு ஈ.சி.ஜி.யும் முதல் அஸ்பிரினும், வழியில் இரத்தம் போகும் கர்ப்பிணிக்குச் சேலைனும். எல்லாமே ஒரு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் அடங்கும், கூடவே நாலு கட்டில் போட்டால் போதும். ஆகவே "விடுதியை மூடாதே" என்று கேட்பதை விட்டு, "24 மணித்தியாலமும் இயங்கும் அவசர சிகிச்சைப் பிரிவும், கண்காணிப்பில் வைக்க நாலு கட்டிலும் வேண்டும்" என்று கேளுங்கள்.

இதைக் கேட்க உங்களுக்கு அவர்களுடைய கொள்கையே துணை நிற்கும். சுகாதார அமைச்சு 2018 இல் வெளியிட்ட கொள்கையில்தான் இந்தக் கொத்தணி முறை வருகிறது. நடுவில் நிபுணர்கள் உள்ள ஒரு வைத்தியசாலை, அதைச் சுற்றிப் பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளும். எல்லாம் ஒரு குடும்பம் போல நோயாளியையும் விபரத்தையும் பரிமாற வேண்டும். சுற்றி நிற்கும் சிறிய வைத்தியசாலைகளைப் பலப்படுத்துவதுதான் அதன் உயிர். அவசர சிகிச்சை, அடிப்படை இரத்தப் பரிசோதனை, நீரிழிவுக்கும் பிரசருக்கும் மருந்து ஊரிலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதே 2018 இல் உலக வங்கியின் கடன் திட்டமும் தொடங்கியது. நடுவில் உள்ளதை மட்டும் வளர்த்துவிட்டு ஓரத்தில் உள்ளதைச் சுருக்கினால் அதற்குக் கொத்தணி என்று பெயர் வைக்க முடியாது. இதைச் சண்டைக்குரலில் சொல்ல வேண்டாம். "ஐயா, கொள்கை இப்படிச் சொல்கிறது, எங்கள் வைத்தியசாலைக்கு இதில் எந்தப் பகுதி எப்போது வரும்?" என்று கேளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிலும் அதை விரும்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் கேள்வி ஒரு பிடிமானமாகும்.

இனி வழிக்கு வருவோம். என் மனதை இன்றைக்கும் அரிக்கிற விடயம் இது.

திட்டமிடல் மேசையில் இருந்த காலத்தில் ஒரு மாவட்டத்துக்கு வரைபடம் கீறினோம். ஒவ்வொரு பெரிய வைத்தியசாலையைச் சுற்றியும் 10 கிலோமீற்றர் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருக்கும் ஊருக்கெல்லாம் "வசதி உண்டு" என்று பச்சை நிறம் தீட்டினோம். அந்தப் பச்சைக்குள் இருந்த ஒரு ஊருக்கு ஒரு மார்கழியில் மருத்துவமாதுவோடு போனேன். அவர் தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்திருந்தார். மற்றக் கையில் செருப்பு. ஆறு இடுப்பளவுக்கு ஓடியது. நடு ஆற்றில் நின்று, "டொக்டர், காலை உரசி உரசி வாங்கோ, தூக்கி வைக்காதேங்கோ, மண் இழுக்கும்" என்றார். தரைவழியாகச் சுற்றிப் போனால் 30 கிலோமீற்றருக்கும் மேல். அந்த ஊருக்கு நாங்கள் பச்சை அடித்து வைத்திருந்தோம். அந்தப் பச்சையை நம்பித்தான் அங்கேயிருந்த சின்ன மருந்தகத்தின் நாட்களைக் குறைக்கும் முடிவும் எடுக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. திரும்பி வந்து அதை மாற்றுவதற்கு எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

உங்கள் பக்கத்துக்கு இது இன்னும் பொருந்தும். மகாவலியின் கிளை வெருகல் ஆறாக வந்து கடலில் சேரும் நிலம் அது. ஊரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் மலைநாட்டில் பெய்த மழை பாதையில் வந்து நிற்கும். உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் 2011 இல் திறக்கப்பட்ட பிறகு திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் தரைவழிப் பயணம் எவ்வளவு மாறியது என்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். படகுக்குக் காத்து நின்ற காலத்தை மூத்தவர்கள் சொல்லுவார்கள். ஆனால் பிரதான வீதியில் பாலம் வந்தது என்பதற்காக உள் ஊர்ப் பாதைகள் உயர்ந்துவிடவில்லை.

2021 நவம்பர் 23 ஐ எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் மக்கள் இழுவைப் படகில் கடந்தார்கள். பாடசாலைக்குப் போன பிள்ளைகளோடு அந்தப் படகு கவிழ்ந்தது. பாலம் வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? நல்ல வேலைதான் நடந்தது. பழையது போய்ப் புதியது வரும் வரைக்கும் இடையில் உள்ள நாட்களில் அந்தப் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

வைத்தியசாலைத் திட்டங்களிலும் எனக்கு உள்ள பெரிய பயம் அந்த இடைக்காலம்தான். பெரிய வைத்தியசாலைக்குப் புதுக் கட்டிடம் வர மூன்று வருடம் எடுக்கும். ஆனால் ஊரில் விடுதியை மூடும் கடிதம் இந்த மாதமே வந்துவிடும். கூட்டத்தில் நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். புதியது இயங்கத் தொடங்கும் திகதி என்ன? அதுவரை பழையதில் எது எது இருக்கும்? மாரியில் பாதை மூடினால், பேறுகாலம் கிட்டிய தாய்மாரைப் பெரிய வைத்தியசாலைக்குப் பக்கத்தில் முன்கூட்டியே தங்க வைக்க ஒரு இடம் உண்டா? அம்புலன்ஸ் எங்கே நிற்கும், வெள்ளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் பெரிய வரப்பிரசாதம், ஆனால் தண்ணீருக்குள்ளால் அதுவும் வர முடியாது. படகு யாரிடம் இருக்கிறது, எஞ்சினுக்கு எண்ணெய் யார் கணக்கில்? இதற்கு அனர்த்த முகாமைத்துவப் பிரிவையும் பிரதேச செயலகத்தையும் அதே மேசைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். பதில்களைக் கூட்ட அறிக்கையில் எழுதுவியுங்கள். எழுதாத வாக்குறுதி, சொன்ன அதிகாரிக்கு இடமாற்றம் வந்த அன்றே அவரோடு போய்விடும்.

யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூட்டம் வீணாகும். டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நியமனம் கொழும்பில் இருந்து வருகிறது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் "நாளைக்கே இரண்டு டொக்டர் தாருங்கள்" என்றால் அவர் தலையாட்டுவார், அவரால் அச்சடிக்கவா முடியும்? ஆனால் கிளினிக் நாட்கள், நேரம், எந்த நிபுணர் மாதம் ஒருமுறை ஊருக்கு வருவது, அம்புலன்ஸ் எங்கே நிற்பது, திருத்தவேலைக்கு எது முதல், இவற்றில் அவருக்குக் கை உண்டு. அவரால் முடிந்ததை அவரிடமும், ஆளணியை அவர் ஊடாக எழுத்தில் அமைச்சிடமும் கேளுங்கள்.

டொக்டர் தங்கும் விடுதியைக் கடைசியாக எப்போது உள்ளே போய்ப் பார்த்தீர்கள்? நான் பார்த்த ஒன்றில் சீலிங்கில் வௌவால் எச்சம் வடிந்து கட்டில்வரை வந்திருந்தது. கிணற்று மோட்டர் பழுதாகி எட்டு மாதம். தென்பகுதியில் இருந்து முதல் நியமனத்துக்கு வந்த ஒரு பிள்ளை, அவளுக்கு 27 வயது இருக்கும், வாளியில் தண்ணீர் அள்ளிக் குளித்துவிட்டு இரவில் தனியாக அந்த வீட்டில் படுத்தாள். ஆறு மாதத்தில் மாற்றம் எடுத்துப் போய்விட்டாள். ஊர் அவளைக் குறை சொன்னது. எனக்கு அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு டொக்டரை மட்டும் வைத்துக்கொண்டு 24 மணித்தியாலமும் பார் என்பது அநியாயம், குறைந்தது மூன்று நாலு பேர் முறை மாற்ற வேண்டும். அவர்கள் நிற்க வேண்டுமானால் தண்ணீர், பூட்டக்கூடிய கதவு, பாதுகாப்பு வேண்டும். இதில் பாதியை உங்கள் குழுவே செய்யலாம். ஊரில் மேசன்மார் இருக்கிறார்கள், மோட்டர் திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். "டொக்டர் தங்கும் விடுதியை நாங்கள் திருத்திவிட்டோம், ஆளை அனுப்புங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் குரலுக்கு வேறு எடை வரும்.

அடுத்தது கணக்கு. ஊரின் துயரம் உங்களுக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. கோப்பில் இருப்பது உங்கள் விடுதியில் எத்தனை கட்டில் வெறுமையாகக் கிடந்தது என்பது மட்டும். டொக்டர் இல்லாததால் சனம் வராமல் விட்டது, வராததால் கட்டில் வெறுமையானது, வெறுமையானதால் மூடுகிறார்கள். இந்த வட்டத்தை உடைக்க ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். கோடு போட்டுத் திகதி, வருத்தம் தொடங்கிய நேரம், எந்த வாகனம், எவ்வளவு காசு, போய்ச் சேர்ந்த நேரம், கடைசியில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஆளின் பெயரை எழுத வேண்டாம், வருத்தம் அவரவர் அந்தரங்கம். கடந்த ஒரு வருடத்துக்கு இதை எப்படித் திரட்டுவது? ஓட்டோக்காரத் தம்பிமாரிடம் போங்கள். எந்த இரவு யாரை ஏற்றிக்கொண்டு எந்த இடத்தில் சேற்றில் புதைந்தார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். மருத்துவமாதுவிடமும் கேளுங்கள், அவர் தன் பதிவேட்டைக் காட்ட முடியாது, ஆனால் எத்தனை கர்ப்பிணித் தாய்மார் பாதை மூடிய காலத்தில் இருந்தார்கள் என்ற எண்ணிக்கையைச் சொல்ல முடியும். வைத்தியசாலையில் இருந்து மாற்றி அனுப்பப்பட்டவர்களின் தொகையைக் கேட்டுத் தரவில்லை என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

இந்த மாவட்டத்தை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பது திட்டக்காரர்களுக்குத் தெரியாததல்ல. 11 பிரதேச செயலகப் பிரிவுகள். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக வருத்தமும் குடிதண்ணீரும்தான் முதல் கவலை. கிண்ணியாவில் 2017 இல் டெங்கு அடித்த அடியை நாடே பார்த்தது. அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. நெருக்கமான வீடுகள் உள்ள ஊருக்கு நுளம்பு பிரச்சினை, உங்களுக்குப் பாம்பும் பாதையும். எல்லாம் ஒரே அட்டவணைக்குள் போனதும் சராசரி ஒன்று வரும், அந்தச் சராசரி எந்த ஊரிலும் இருக்காது. அதை உடைத்துக் காட்ட ஊரில் இருந்து போகும் ஒருவரின் கொப்பி வேண்டும்.

தம்பி, உங்கள் கடிதத்தில் "எங்கள் ஆட்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அவர்கள்? உங்கள் வைத்தியசாலைக்குத் தமிழ்க் கிராமத்தில் இருந்தும் வருவார்கள், முஸ்லிம் கிராமத்தில் இருந்தும் வருவார்கள், சேருவிலப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்களும் வருவார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தையும் பன்சலையில் உள்ள தாயக்க சபாவையும் (விகாரையின் பக்தர் சபை) கோயில் தலைவரையும் ஒன்றாக இருத்திக் கதைத்தீர்களா? தனித்தனியாகப் போனால் மூன்று மகஜர், மூன்று பதில், மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. நான் கதிரையில் இருந்தபோது கண்டது இது. ஒரு ஊர் கேட்டால், "பக்கத்து ஊருக்குக் கொடுத்தால் இவர்கள் சண்டைக்கு வருவார்கள்" என்று ஒத்திவைப்பதுதான் வழக்கம். மூன்று ஊரும் ஒரே கடிதத்தில், இரண்டு மொழியிலும், ஒரே கொப்பியோடு வந்தால் அந்தச் சாக்கு எடுபடாது. கொப்பியிலும் மூன்று ஊரின் இரவுகளும் இருக்கட்டும். யுத்த காலத்தில் ஒருவருக்கொருவர் பயந்து ஒதுங்கிய ஊர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், மருந்து வரிசையில் ஏற்கெனவே ஒன்றாகத்தானே நிற்கிறோம்.

ஆரோக்கிய வாழ்வு நிலையத்தை வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டில் பத்து மரணங்களில் எட்டு மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால்தான். 2011 இல் இந்த நிலையங்களைத் தொடங்கியது அதற்காகத்தான். 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரசர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் ஆண்கள் வருவதில்லை. வாரநாள் காலையில் நடத்தினால் கடலுக்குப் போய் விடிய வந்த மனிதன் வலையைக் காயப்போடுவானா, வரிசையில் நிற்பானா? வெளிச்சம் வைத்து மீன் பிடிக்கிறவர்கள் பூரணை நாட்களை ஒட்டித்தான் கரையில் நிற்பார்கள். பூரணையோ அரச விடுமுறை, அன்றைக்கு நிலையம் பூட்டு. பூரணைக்கு முதல்நாளோ மறுநாளோ, பின்னேரம், மீனவர் சங்கக் கட்டிடத்தில் நடத்தச் சொல்லுங்கள். இதற்குப் புதுக் காசோ புது ஆளோ தேவையில்லை, நாளை மாற்றினால் போதும். மாவட்டத்தின் இலக்கும் எட்டும், ஊரில் ஒருவருக்குக் கால் எடுக்க வேண்டிய நிலையும் தப்பும். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில் நன்மை தரும் ஒன்றைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வைத்தால் மற்றவற்றைக் கேட்கவும் மனம் திறப்பார்கள்.

கேற்றைப் பூட்டும் கதை. இளைஞர்களின் கோபம் நியாயமானது, அதை அவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் கேற்றைப் பூட்டிய அன்று வாசலில் நிற்கப்போவது யார்? பிரசர் குளிசை முடிந்த ஆச்சி, இன்சுலின் எடுக்க வந்தவர், தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்த தாய். முடிவெடுத்தவருக்கு அன்றைக்கு ஒன்றும் குறையாது. அந்த இளைஞர்களிடம் கொப்பியைக் கொடுங்கள், மோட்டார் சைக்கிளில் மூன்று ஊருக்கும் போய் விபரம் திரட்டட்டும். எழுத்தில் தந்த திகதி தாண்டியும் ஒன்றும் நடக்காவிட்டால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் கிளப்புங்கள், பதாகையோடு பிராந்தியக் காரியாலயத்தின் முன் அமைதியாக நில்லுங்கள், நானும் வந்து நிற்பேன்.

கூட்டத்தில் உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விடயம். எல்லாவற்றையும் சொல்ல முயலாதீர்கள். பிரசவ அறை கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லுங்கள், அதைக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள் என்று நினைத்திருப்பார்கள். பிறகு அவசர சிகிச்சைப் பிரிவு, இடைக்கால ஏற்பாடு, கிளினிக் நாள். கொப்பியில் இருந்து ஒரே ஒரு இரவை எடுத்து, வருத்தம் தொடங்கிய நேரத்தில் இருந்து கட்டிலில் கிடத்திய நேரம் வரை நிதானமாக வாசியுங்கள். உங்களோடு மருத்துவமாதுவுக்கும் பேச இடம் கேளுங்கள். அவர் அரச ஊழியர், தானாக எழும்பிப் பேசத் தயங்குவார், தலைவர் கேட்டால் சொல்லுவார்.

கொப்பி நிரம்பத் தொடங்கியதும் முதல் சில பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்தத் தலைப்பைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். ஐப்பசி மழை தொடங்க முதல் பாதையோரத் தூண் ஒன்றில் பெயின்றால் அடையாளமிட்டு, தண்ணீர் எந்தக் கோட்டைத் தாண்டினால் ஓட்டோ போகாது, எதைத் தாண்டினால் உழவு இயந்திரமும் போகாது என்று குறித்து வையுங்கள். அந்தத் தூணின் படமும் கூட்டத்துக்குப் போகட்டும்.